வெல்டர் வீட்டு விளக்கு

அக்கா தைத்த திரைச்சீலை எங்கள் கடையிலிருந்து போனால் திரும்பி வராது. மற்றவர்கள் தைத்தது வரும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மடிப்பு உட்காரவில்லை, துவைத்தால் சுருங்குகிறது என்று ஏதாவது ஒரு புகாரோடு மூட்டையாக வந்து இறங்கும். நான் தைத்ததும் வரும், அதை ஏன் மறைக்க வேண்டும். கடைக்கு முதலாளி நான்தான். ஆனால் வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே, "அந்தம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டுவிடுவேன்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. கடைக்கு மேலே மாடி வீட்டில் கணவரோடு குடியிருந்தார், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று நினைக்க வைக்கிற பேச்சு. காலையில் இறங்கி வருவார், மெஷினில் உட்காருவார், மாலையில் தன் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். அந்தக் கத்தரியை யாரும் தொடக் கூடாது. நான் ஒரு முறை அதை எடுத்துக் காகிதம் வெட்டியபோது அவர் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அவருடைய கணவர் வெல்டர். இந்தத் தெருவில் பாதி வீட்டு கேட்டும் என் கடை ஷட்டரும் அவர் கைவேலைதான். வேலையை விட்ட பிறகும் கறுப்புக் கண்ணாடியை விடவில்லை. வீட்டுக்குள்ளும் பெரும்பாலும் அதோடுதான் இருப்பார். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது, வெளிச்சம் ஆகாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதனால் அந்த வீட்டு ஜன்னல் எல்லாவற்றிலும் கனமான திரை, அதற்குப் பின்னால் இரட்டை மடிப்பாகக் கறுப்பு லைனிங் துணி. எல்லாம் அக்கா தைத்தது. பட்டப்பகலில் உள்ளே போனாலும் கழற்றிய செருப்பைக் காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "அண்ணே, உங்களுக்கும் சூரியனுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா?" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடங்களில், கோடை வெயில் ஏறத் தொடங்கும்போது அக்காவுக்கு ஒரு வேகம் வரும். ஒருவரே நாலு பேர் வேலையைச் செய்வார். நானும் உள்ளூர மகிழ்ந்துகொண்டு துணியை அடுக்கிக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் வெல்டர் இறங்கி வந்து, "அவளுக்குக் காய்ச்சல்மா, வர மாட்டா" என்பார். மேலே ஜன்னல் இடுக்குகூட மூடிக்கிடக்கும். பிறகு ஒருநாள் அக்கா பழையபடி வாய் திறக்காமல் இறங்கி வந்து மெஷினில் உட்காருவார். காய்ச்சல் என்றால் காய்ச்சல். நான் மேற்கொண்டு கேட்டதில்லை.

போன வருடம் கோடை தொடங்கும்போது வெல்டருக்குத்தான் உடம்பு விழுந்தது. ராத்திரியில் தூக்கமே இல்லை. படுக்கையறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார் என்று அக்கா சொன்னார். கன்னம் ஒட்டிப்போய், யாரிடமும் பேச்சில்லாமல், டீயைக் கையில் கொடுத்தால் ஆறும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் மகளுக்குப் போன் செய்தேன்.

மகள் வேறு ஊரில் கணக்கு வேலை பார்க்கிறாள். பாசக்காரி. ஆனால் பாசத்தையும் உத்தரவாகத்தான் போடுவாள். அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கிய தீக்காயத் தழும்பு உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா வேலை செய்த இடத்தில் பொறி தெறித்துத் துணி பற்றிக்கொண்டதாம். "இது எங்கப்பா எனக்குப் போட்ட வளையல்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் கொஞ்சம் முள் இருக்கும். வெல்டர் தலையைக் குனிந்துகொள்வார்.

அவள் வந்த மறுநாளே அப்பாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் என் கடையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். வயதாக ஆக உடம்புக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாமல் போகுமாம். வெளிச்சமே படாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு இன்னும் மோசமாம். காலையில் எழுந்ததும் பளிச்சென்று எரியும் ஒரு விளக்கின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தால், உடம்பு பழைய ஒழுங்குக்கு வருமாம். தூக்கம் வரும், மனசும் லேசாகும் என்றாராம்.

"சும்மா எழுதித் தரல அத்தை, எவ்வளவோ கேட்டுட்டுத்தான் தந்தாரு. கண்ணுல நோய் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடறாரு, எப்பவாவது தூக்கமே இல்லாம ரொம்பத் துள்ளலா, கட்டுக்கடங்காம இருந்திருக்காரான்னு. இந்த விளக்கு அப்படிப்பட்டவங்களை இன்னும் கிளப்பி விட்டுடுமாம். அப்பா எதுக்கும் இல்லன்னாரு."

"கண்ணுதான் அவருக்கு ஆகாதே?"

"அதான் கூத்து. கண் டாக்டரும் பாத்தாச்சு. இந்த வயசுக்கு இவ்வளவு நல்ல கண்ணை நான் பாத்ததே இல்லன்னாராம்."

அத்தனை கறுப்புத் துணி எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்தார், மறந்துபோனேன்.

விளக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டை நிறுத்தி வைத்தாற்போல் வெள்ளையாக ஒரு பெட்டி. சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டபோது நானும் இருந்தேன். அந்த வீட்டுச் சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெல்டர் அறை மூலைக்கே போய்விட்டார். "இது வேணாம்மா. எனக்குத் தூக்கம் தானா வரும்" என்றார். விளக்குக்கு இப்படிப் பயப்படுவாரா ஒரு மனுஷன் என்று நினைத்தேன். மகள் விடுவாளா? "அம்மா, நான் ஊருக்குப் போனதும் இவரு எந்திரிச்சு ஓடிடுவாரு. நீ எதிர்ல உக்காந்து காவல் காத்துக்கோ" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

அக்கா காவல் காத்தார். தினமும் காலையில் விளக்கைப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் தானும் கைத்தையலோடு உட்கார்ந்தார். ஒருநாள் ஊசி கேட்டு மேலே போன நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெல்டர் தன் வேலைக் கண்ணாடியை, பட்டறையில் போடுகிற அந்தக் கன்னங்கரேல் கண்ணாடியை, மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அதைப் போட்டா வெளிச்சம் எப்படி உள்ள போகும்?"

"எரியறதை வெறுங்கண்ணால பாக்கறவன் எங்க தொழில்ல நாலு நாள் நிக்க மாட்டான்மா. பழக்கம்" என்றார். "நீ இவளைக் கீழ கூட்டிட்டுப் போ. இவ எதுக்கு இங்க? போகச் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"நான் போனா எந்திரிச்சிடுவீங்க" என்றார் அக்கா. அவர் முகம் முழுக்க வெள்ளை வெளிச்சம். கண்ணாடி இல்லை, ஒன்றும் இல்லை. இமைகூட அசையவில்லை.

கொஞ்ச நாளில் அக்கா பேச ஆரம்பித்தார்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கடை திறக்க வரும்போதே படியில் காத்திருப்பார். தைத்துக்கொண்டே மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடுவார். என் மூக்கைப் பற்றிக்கூட ஒரு ஜோக் அடித்தார். விளக்கு வெல்டருக்கு வேலை செய்கிறதோ இல்லையோ, அக்காவைப் பத்து வயது குறைத்துவிட்டது என்று மகளிடம் போனில் சொன்னேன். "பாத்தீங்களா அத்தை!" என்று அவள் குதித்தாள்.

பிறகு ஒரு திரைச்சீலை திரும்பி வந்தது.

ராத்திரி வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிற ஒரு நர்ஸ் கொடுத்த வேலை. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். விரித்துப் பார்த்தேன். லைனிங் துணியே இல்லை. தைத்து, பிறகு பிரித்து எடுத்திருந்தது. ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அக்காவின் வேலை ஒன்று என் கடைக்குத் திரும்பி வந்தது அதுதான் முதல் முறை.

"ஏன்க்கா?"

"வெளிச்சம் வேணாம்னு சொல்ல இவங்க யாருடி? பாவம், பயந்துபோய்க் கிடக்கறாங்க. எல்லாரும் பயந்து கிடக்கறாங்க. நான் ஒவ்வொருத்தர் வீடா போய்த் தொறந்து விடப்போறேன்." கண்கள் பளபளவென்று இருந்தன. நேற்றைய புடவையே உடம்பில் இருந்தது. மெஷினை நிறுத்தாமலே பேசினார், ஊசிக்குக் கீழே துணியே இல்லை.

வெளியே ஓடி வந்து மாடியை அண்ணாந்து பார்த்தேன். தெருப் பக்க ஜன்னலில் திரை இல்லை. அடுத்ததில் பாதி தொங்கியது, கத்தரியால் நீளவாக்கில் கிழித்த மாதிரி.

வெல்டரைத் தனியாகப் பிடித்தேன். படிக்கட்டில் மறித்துக்கொண்டு, "அண்ணே, மறைக்காதீங்க. அக்கா தூங்குறாங்களா?" என்று கேட்டேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் இரண்டும் தெளிவாக இருந்தன, அழுது சிவந்திருந்தன.

"இல்லமா. ராத்திரி பூரா நடக்கறா. நான் பின்னாலயே நடக்கறேன்."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். மகள் பிறந்த சில மாதங்களில் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. பேச்சும் பாட்டும் வேகமும், இப்போது போலவே. இருட்டில் பிள்ளை பயப்படுகிறது என்று வீட்டில் இருந்த சிம்னி விளக்கு, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் ஏற்றித் தொட்டிலைச் சுற்றி வைத்திருக்கிறார். தொட்டில் துணி பற்றிக்கொண்டது. வெல்டர் வந்து அணைத்தபோது அக்கா கை தட்டிக்கொண்டிருந்தாராம்.

"ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் வெச்சிருந்தாங்க. திரும்பி வந்தப்ப ஊசியில நூல் கோக்கத் தெரியல அவளுக்கு. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்ததும் என் கால்ல விழுந்து ஒண்ணுதான் கேட்டா. பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு. பொறி பட்டுச்சுன்னு நான்தான் சொல்லி வெச்சேன். நம்ம தொழிலுக்கு அது பொருந்துச்சு."

"அப்ப இந்தக் கறுப்புத் துணி..."

"அவளுக்குத்தான். வெளிச்சம் கூடினா அவளுக்குத் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா அது வரும்னு அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தாரு. அவர் இருந்தவரைக்கும் மாத்திரை. அவர் போனதுக்கப்புறம் இருட்டுதான் மருந்து. என் கண்ணுக்காக வீட்டை இருட்டாக்குன்னு அவகிட்ட சொன்னா செய்வா. உனக்காகன்னா உடைஞ்சிடுவா."

படுக்கையறை வாசல் நாற்காலி எனக்குப் புரிந்தது. அவர் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கவில்லை. கோடை வந்துவிட்டதே என்று அக்காவின் தூக்கத்துக்குக் காவல் உட்கார்ந்திருந்தார். அதை வியாதி என்று சொல்லி, மருந்து என்று ஒரு நெருப்பை வாங்கி அந்த வீட்டில் வைத்துவிட்டோம்.

"அந்தச் சனியனை உடைச்சுப் போட வேண்டியதுதானே அண்ணே?" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு கோபம்.

அவரும் முயலாமல் இல்லை, பாவம். விளக்கு பிரயோஜனமில்லை என்று மகளிடம் சொன்னார். இன்னும் கொஞ்சம் அதிக நேரம் உட்காருங்கள் என்றாள். சரி, நன்றாகத் தூங்குகிறேன் என்று பொய் சொன்னார். அப்படியானால் நிறுத்தவே கூடாது என்றாள். பரணில் ஒளித்து வைத்தார். அக்கா ஏறி எடுத்துவிட்டார். ஒயரைக் கத்தரித்தார். அக்கா எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிட்டார். இப்போது அது அக்காவுடைய விளக்கு. காலை, மாலை என்று கணக்கில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து முகத்தை அதில் தோய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"போனா பழசைக் கேப்பாங்க. சொன்னா பொண்ணுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? அக்கா உசிரை விடவா?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு வரா. நீங்க சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குச் சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அக்கா கடைக்கு இறங்கி வரவில்லை. கொஞ்சம் அமைதியாகிவிட்டார் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் மேலேயிருந்து பால் தீயும் வாடை வந்தது. போனேன்.

கதவு திறந்தே இருந்தது. ஜன்னல் எதிலும் துணி இல்லை. வீடு முழுக்க வெயில். மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்கு எதிரில் வெல்டர் கறுப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, பால் தீயுது" என்றேன். பேசவில்லை. கோபம் போல என்று நினைத்து நானே போய் அடுப்பை அணைத்தேன். சமையலறையில் அக்கா இல்லை. படுக்கையறையில் இல்லை. திரும்பி வந்து, "அக்கா எங்கண்ணே?" என்று தோளைத் தொட்டேன். தலை மார்பில் சரிந்தது. நான் அலறிவிட்டேன். பிறகு குறட்டை கேட்டது.

எத்தனையோ நாள் கழித்து மனுஷன் தூங்கிப் போயிருந்தார். அந்தக் கறுப்புக்குப் பின்னால் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்கும் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்துதான் போனாரோ என்னவோ.

மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தது. கைப்பிடிச் சுவர் நெடுக அந்த வீட்டுக் கறுப்புத் துணியெல்லாம் நாடா நாடாவாகக் கிழித்துக் கட்டியிருந்தது. அக்கா தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி நின்றிருந்தார். அண்ணாந்து, சூரியனுக்கு நேராக, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து. கண்ணீர் கன்னத்தில் தாரையாக ஓடியது. முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"வாடி, வந்து பாரு. கூசவே இல்ல. இத்தனை வருஷமா கூசும்னு பொய் சொல்லி வெச்சிருக்காங்க."

ஏறிப் போய்க் கையால் அவர் கண்ணைப் பொத்தினேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம். கால் விளிம்பில் இருந்தது. என் கத்தலில் விழித்து வெல்டர் ஓடி வந்தார். அக்காவை இடுப்போடு சேர்த்து அணைத்து, தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தில் மாட்டிக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உச்சி வெயில் அவருடைய வெறுங்கண்ணில் விழுந்தது. அவருக்கும் கூசவில்லை.

கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிறைய மாத்திரைகள், ஊசி. தூங்கினார். மறுபடி விழித்தபோது மனசின் வேகம் மெல்ல அடங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் கண்ணின் நடுப்பகுதி வெந்திருந்தது. பார்வையில் கொஞ்சம் திரும்பலாம், மிச்சம் திரும்பாது என்றார் கண் டாக்டர். எதை நேராகப் பார்க்கிறாரோ அது தெரியாது. ஓரம் மட்டும் தெரியும்.

மகள் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அவள் உத்தரவெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "அப்பா, அம்மாவுக்கு இப்படி முன்னாடி வந்திருக்கான்னு டாக்டர் கேக்கறாரு. வந்திருக்கா?"

வெல்டர் சுவரைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா கையை நீட்டி மகளின் இடது கையைத் தேடிப் பிடித்தார். தழும்பின் மேல் விரல்களை மெதுவாக ஓட்டினார், தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று துணியைத் தடவிப் பார்ப்பாரே, அப்படி.

"இது அப்பா போட்ட வளையல் இல்லடா. நான் போட்டது" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்க முயன்றார். பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்பி வேறெங்கோ பார்க்க வேண்டியிருந்தது. அது மகளுக்குத் தெரியாது. அம்மா வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்து, "என்னைப் பாரும்மா, என்னைப் பாத்துச் சொல்லும்மா" என்று தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பியதும் அக்காவுக்கு அவள் மறைந்துபோனாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன், என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இப்போது அக்கா மாத்திரை சாப்பிடுகிறார். மேலே ஜன்னல்களில் நான் தைத்த திரை தொங்குகிறது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அக்காவுக்கு அது தெரியாது. கத்தரியை எனக்கே கொடுத்துவிட்டார். கடையில் உட்கார்ந்து திரை மாட்டும் வளையங்களை எண்ணிப் போடுகிறார், தடவிப் பார்த்து. வெல்டர் நன்றாகத் தூங்குகிறார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை, கறுப்புக் கண்ணாடியும் போடுவதில்லை.

மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். தினமும் விடிந்ததும் விடியாததுமாக எனக்குப் போன் வருகிறது. சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா என்றெல்லாம் கேட்பதில்லை. "அம்மா தூங்குனாங்களா அத்தை?" என்று அது ஒன்றைத்தான் கேட்கிறாள். தூங்கினார் என்று சொல்கிறேன். நம்பாமல் இன்னொரு முறை கேட்கிறாள். அவள் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிகிறது.